தின்னுக்கினு போ

சினிமாவில் நான் பேசிய முதல் வசனம் ஒரே ஒரு சொல். அதிலும் என் வாயிலிருந்து வந்தது ஒன்று, தியேட்டரில் கேட்டது வேறொன்று.

அதற்கு முன்னால் நான் நான்கு வருஷம் கொசுவாக இருந்தேன். விழுப்புரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் விழிப்புணர்வு நாடகம் போடும் குழு ஒன்றில் நடித்துக்கொண்டிருந்தேன். உடம்பு ஒல்லி என்பதால் டெங்குக் கொசு வேஷத்தை எனக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மழைக்காலத்தில் கொசு, கோடையில் குடிகாரன். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு ஊரில் நான் ரீங்காரம் போட்டபடி கூட்டத்துக்குள் புகுந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா நிஜமாகவே செருப்பைக் கழற்றி ஒன்று வைத்தார். என் நடிப்புக்குக் கிடைத்த முதல் பாராட்டு எது என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

வீட்டில் இந்தக் கொசு வேலையை மதித்த ஒரே ஆள் என் அக்கா. கோலியனூர் பக்கத்தில் அங்கன்வாடி டீச்சர். அப்போதெல்லாம் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும்; அதனால் வசனத் தாளை அவள் சத்தமாகப் படிப்பாள், நான் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வேன். "நீரைத் தேங்க விடாதீர்" என்று அவள் படிப்பாள். "தண்ணிய தேக்கி வெச்சிக்கினு இருக்காதீங்க" என்று நான் சொல்வேன். தாளில் இருப்பது ஒன்று, தம்பி சொல்வது ஒன்று என்று அவளுக்கு அப்போதே கோபம். குட்டு வைப்பாள். ஆனால் ஜனங்களுக்குப் புரிந்தது நான் சொன்னதுதான்.

ஒருநாள் சென்னை நாடகக்குழு ஒன்றில் இடம் கிடைத்தது. கிளம்பினேன். எங்கள் குடும்பத்தில் ஒரு ஆளை வழியனுப்புவது அவ்வளவு சுலபமாக முடிகிற காரியம் இல்லை. வாசலில் ஒரு தடவை அனுப்புவோம். தெருமுனையில் இன்னொரு தடவை. பஸ் ஸ்டாண்டில் மூன்றாவது தடவை. அதிலும் மனசு ஆறவில்லை என்றால் அனுப்ப வந்தவரும் பஸ்ஸில் ஏறிவிடுவார். அன்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டோடு திரும்பியிருக்க வேண்டிய அக்கா, "திண்டிவனம் வரைக்கும் வர்றேன்டா, ஒரு மணி நேரம்தான" என்று என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். திண்டிவனத்தில் இறங்கினாள். பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு பையை என் மடியில் போட்டாள்.

"மல்லாட்டை வெச்சிருக்கேன். வழியில தின்னுக்கினு போ."

அவ்வளவுதான் சொன்னாள். எங்கள் ஊரில் கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர். வேகவைத்தது, சூடு ஆறவில்லை, பையிலிருந்து தண்ணீர் சொட்டி என் பேண்ட் முழுக்க நனைந்தது. செங்கல்பட்டு வருவதற்குள் தோல் மட்டும்தான் மிச்சம்.

சென்னையில் இரண்டு வருஷம் மேடை நாடகம். அப்புறம் ஒரு படத்தில் வேஷம் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் கடலை விற்பவன். இதைவிடப் பொருத்தமான வேஷம் எனக்கு அமையுமா? கூடையைத் தூக்கிக்கொண்டு, ஊர் பஸ் ஸ்டாண்டில் இருபது வருஷம் கேட்ட அதே ராகத்தில் கூவினேன்.

"மல்லாட்டே! மல்லாட்டே!"

"கட்! என்னப்பா அது, ஏதோ மருந்து பேர் மாதிரி இருக்கு? வேர்க்கடலைன்னு சொல்லு" என்றார் இயக்குநர்.

வேர்க்கடலை என்றேன். அதுவும் சரியாக வரவில்லை போலிருக்கிறது. டப்பிங்கில் வேறு யாரையோ வைத்துப் பேச வைத்துவிட்டார்கள். அது எனக்குத் தெரியாது. விழுப்புரத்தில் மதியக் காட்சிக்குக் குடும்பத்தோடு பன்னிரண்டு பேர் போய் உட்கார்ந்தோம். திரையில் நான் வந்தேன். வாயைத் திறந்தேன். எவனோ ஒருவன் கணீரென்று "வேர்க்கடலை!" என்றான். அக்கா இருட்டில் எழுந்து நின்றுவிட்டாள்.

"இது எங்க தம்பி கொரல் இல்லீங்க!"

தியேட்டருக்கே கேட்கும்படி சொன்னாள். "உக்காரும்மா, மறைக்குது" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார். அவள் உட்காரவில்லை. என் காட்சி முடியும்வரை நின்றாள். அதாவது இன்னும் மூன்று நொடி.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை மதுரைக்குப் போய்விட்டது. நான் போகவில்லை, என் நாக்குதான் போனது. சினிமாவில் கிராமத்து ஆள் என்றாலே மதுரைக்காரன் என்று ஆகியிருந்த காலம். ஒரு உதவி இயக்குநரிடம் உட்கார்ந்து "அங்கிட்டு", "இங்கிட்டு", "வந்தேன்" என்பதை எங்கே இழுப்பது, எங்கே வெட்டுவது என்று கற்றுக்கொண்டேன். வேஷங்கள் குவிந்தன. ஆட்டுக்காரன், அடியாள், அடியாளின் அண்ணன். நன்றாகவே நடித்தேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் ஒருமுறை நிஜ மதுரையில் படப்பிடிப்பு. என் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த ஆட்டோ டிரைவர், "அண்ணே, நீங்க எந்த ஊரு? பேச்சு வித்தியாசமா இருக்கே" என்று கேட்டார். அதே மாதம் விழுப்புரத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்ட ஒருவர், "மதுரையிலர்ந்து எப்பண்ணே வந்தீங்க?" என்றார். மதுரைக்கு நான் விழுப்புரம், விழுப்புரத்துக்கு நான் மதுரை. இரண்டு ஊரிலும் நான் அசலூர்க்காரன்.

அந்தக் கடுப்பில்தான் இயக்குநர் ஆனேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. உண்மை அதுதான். எங்கள் ஊர்ப் பேச்சு முழுசாக ஒலிக்கிற ஒரு படமாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு அக்கா தம்பியை வழியனுப்பத் திண்டிவனம் வரை போகிறாள். போகிற வழியில் இருவரும் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். அவள் இறங்கிக்கொள்கிறாள். அவ்வளவுதான்.

தயாரிப்பாளர் கிடைத்தார். படப்பிடிப்புகளுக்குச் சாப்பாடு போட்டுப் போட்டு, நாமே ஒரு படம் எடுத்தால் என்ன என்று துணிந்தவர். அவர் அசல் மதுரைக்காரர் என்பது கடவுள் என்னிடம் செய்த கிண்டல். "நீங்க பேசுற மதுரையக் கேட்டு எத்தன நாளு சிரிச்சிருக்கேன் தெரியுமா? உங்க ஊரு பேச்சுலயே எடுங்கண்ணே" என்று பெரிய மனசோடு சொன்னார்.

அக்கா வேஷத்துக்குச் சென்னையில் பதினான்கு பேரைப் பார்த்தேன். பதினான்கு பேரும் நல்ல நடிகைகள். ஊர்ப் பேச்சு பேசிக் காட்டுங்கள் என்றதும் பதினான்கு பேரும் மதுரைக்குப் போனார்கள். நொந்துபோய் அக்காவுக்குப் போன் செய்தேன். "சாப்ட்டுக்கினு இருக்கேன்டா, அப்பால பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். வைத்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைத்தானே இத்தனை நாள் தேடினேன்!

"நானா? என் மூஞ்ச யாருடா பாப்பா?" என்றாள். அப்புறம், "மே மாசம்னா லீவு கெடைக்கும்" என்றாள். அப்புறம், "பொடவை என்னுதா, ஒன்னுதா?" என்றாள். ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று புரிந்தது.

வசனப் பிரதியை ஒரு வாரம் முன்பே கொடுத்தேன். ஒவ்வொரு "கினு"வையும் நான் ஆசை ஆசையாக எழுதியது. முதல் நாள் படப்பிடிப்பு, விழுப்புரத்தில் ஒரு வீட்டு வாசலில். கேமரா ஓடியது. அக்கா நிமிர்ந்து நின்றாள், கையைக் கட்டினாள், பேசினாள்.

"தம்பி, நீ எங்கே சென்றுகொண்டிருக்கிறாய்?"

நான் கட் சொல்லவில்லை. அவளுடைய பிரதியை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகச் சிவப்பு மை. என் "போய்க்கினு" எல்லாம் "போய்க்கொண்டு" ஆகியிருந்தது. மல்லாட்டையை அடித்து வேர்க்கடலை என்று எழுதியிருந்தாள்.

"எழுத்துப் பிழ நெறைய இருந்துச்சுடா. அவசரத்துல எழுதிட்ட போலருக்கு. எல்லாத்தையும் திருத்திட்டேன்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. வாயால் பேசுவது வேறு, காகிதத்தில் ஏறுவது வேறு என்று அவளுக்குக் கற்பித்திருக்கிறார்கள். அதைத்தான் அவள் குழந்தைகளுக்கும் கற்பிக்கிறாள். அன்று மாலை வரை விளக்கினேன். "இது சினிமா அக்கா, பாடம் இல்ல. கிராமத்து ஆளு மாதிரி பேசு." தலையாட்டினாள். மறுநாள் கேமரா ஓடியதும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏப்பு, அங்கிட்டு எங்குட்டுப்பு போறவன்?"

யூனிட்டே உருண்டு உருண்டு சிரித்தது. தயாரிப்பாளர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். என் எல்லாப் படங்களையும் ஒன்று விடாமல் பார்த்தவள் அவள் ஒருத்திதான். சினிமாவில் கிராமம் என்றால் இப்படித்தான் பேச வேண்டும் என்று தம்பியைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். நான் போட்ட விதை என் தலையிலேயே முளைத்தது.

"அப்படி இல்லக்கா, பாரு, நான் சொல்லிக் காட்டுறேன்" என்று அந்த இடத்தில் நின்று வசனத்தைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் யாரும் சிரிக்கவில்லை. புதுச்சேரியிலிருந்து வந்து ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த பெண் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "சார், நீங்களும் 'அங்கிட்டு'ன்னுதான் சொன்னீங்க" என்றாள். மறுபடி சொன்னேன். மறுபடியும் அதுவே வந்தது. அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏன்டா, ஒனக்கே வரல. என்ன மட்டும் பேஜாரு பண்ணிக்கினு இருக்க!"

அப்போது கேமரா ஓடவில்லை.

அன்றிலிருந்து யூனிட்டில் ஒரு சட்டம் போட்டோம். யார் வாயில் "அங்கிட்டு" வந்தாலும் அவர் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வர வேண்டும். தயாரிப்பாளருக்கு மட்டும் பிறப்புரிமை என்று விலக்கு. எட்டு நாளில் அதிகம் டீ வாங்கியது நான்தான். கோலியனூர் ஷேர் ஆட்டோவில் காரணமே இல்லாமல் போய் வந்து, பக்கத்தில் உட்காருபவர்களின் பேச்சை ஒட்டுக்கேட்டேன். காய்கறி வாங்கிப் போகிற பெண்கள் "வந்துக்கினே இருக்கேன்", "அதான் சொல்லிக்கினு இருந்தேன்" என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டு வருவார்கள். எனக்கு அது விருந்தாக இருந்தது. ஆனால் எடுத்த காட்சிகளில் அக்கா அழகாக நடந்தாள், அழகாகப் பார்த்தாள். வாயைத் திறந்தால் மட்டும் ஒரு நாள் செய்தி வாசித்தாள், ஒரு நாள் மதுரைக்குப் போனாள்.

ஒன்பதாவது நாள் தயாரிப்பாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அண்ணே, மொகம் பிரமாதம். கொரலுதான் ஒட்டல. மெட்ராசுல ஒரு டப்பிங் அம்மாவப் பேசி வச்சிருக்கேன். நாளைக்குத் திண்டிவனம் காட்சியப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கிருவோம்" என்றார். அதில் நியாயம் இருந்தது. திரும்பினால் அக்கா டீ கிளாஸோடு நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஒனக்குப் பண்ண மாதிரி எனக்கும் வேற ஆளு கொரலாடா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

பத்தாவது நாள், கடைசி நாள், திண்டிவனம். ஒரு தனியார் பஸ்ஸை டிரைவர் கண்டக்டரோடு மதியம் வரை வாடகைக்கு எடுத்திருந்தோம். முன்னால் "சென்னை" என்று போர்டு. தம்பி வேஷத்தில் நானே ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கேமரா என் தோளுக்குப் பின்னால். கேமராவுக்கு என் காதும், வெளியே நிற்கும் அக்காவின் முகமும்தான் தெரியும். பஸ் நிற்கும், என்ஜின் உறுமும், அவள் பையைக் கொடுத்து வசனத்தைச் சொல்ல வேண்டும். அன்று எனக்கு என்ன சொன்னாளோ, அதே வசனம். பிரதியை நான் காலையிலேயே பிடுங்கிக் கிழித்துப் போட்டிருந்தேன். பயனில்லை. மனப்பாடம் ஆகியிருந்தது.

முதல் டேக்: "வேர்க்கடலை வைத்திருக்கிறேன், உண்டுகொண்டே செல்." இரண்டாவது: "கடல வச்சிருக்கேன்ப்பு." ஐந்து டேக் ஆகியும் வரவில்லை. அக்காவின் நெற்றியில் வியர்வை. டிரைவர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் கீழே ஒலிப்பதிவுப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நின்றார். அவர் கையில் போன் இருந்தது.

ஆறாவது டேக். கேமரா ஓடுகிறது. அக்கா பையைத் தூக்கி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பின்படியில் காவல் இருக்க வேண்டிய உதவி இயக்குநர் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார். சென்னை போர்டைப் பார்த்து ஏழெட்டுப் பேர் நிஜமாகவே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் ஜனம் இருக்கிறது, என்ஜின் ஓடுகிறது. இருபது வருஷப் பழக்கம் என்ன செய்யும்? விசிலை ஊதினார். டிரைவரும் யோசிக்கவில்லை. விசில் கேட்டது, எடுத்தார்.

பஸ் நகர்ந்தது. பை அக்கா கையிலேயே இருந்தது.

"டேய்!" என்று ஒரு சத்தம். திரும்பினேன். டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வருகிறாள். "டேய், பைய புடிடா! மல்லாட்டைடா! காலையில தின்னுட்டு கூட வர்ல நீ! இந்தா, வழியில தின்னுக்கினு போ! போய் சேந்ததும் போன் பண்ணுடா!"

பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பையைப் பிடித்தேன். மல்லாட்டைத் தண்ணீர் கை வழியாக ஒழுகியது. அவள் நின்றாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், நிமிர்ந்து கையை ஆட்டினாள். நான் எங்கேயும் போகவில்லை, ஐந்து நிமிஷத்தில் திரும்பி வரப்போகிறேன் என்பதை அவள் சுத்தமாக மறந்திருந்தாள். நானும் மறந்திருந்தேன். தேம்பித் தேம்பி அழுதேன். நல்லவேளை, கேமராவுக்கு என் காது மட்டும்தான் தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓரம் கட்டினார். "இன்னாத்துக்கு நிறுத்துனீங்க? ஜல்தியா போங்க, தாம்பரத்துல வேல இருக்குது" என்று பின்சீட்டில் ஒருவர் குரல் கொடுத்தார். நான் எதையும் காதில் வாங்காமல் கேமராமேனைப் பிடித்து உலுக்கினேன்.

"ஓடிக்கினு இருந்துச்சா? கேமரா ஓடிக்கினு இருந்துச்சா?"

அவன் சிரித்தான். "ஓடுச்சுண்ணே. இன்னைக்கு நீங்க டீ வாங்க வேணாம்."

அப்போதுதான் என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே கேட்டது. சந்தோஷத்தில் பையைப் பிரித்து, ஏறியிருந்த எல்லோருக்கும் மல்லாட்டையை அள்ளிக் கொடுத்துவிட்டேன். ஏழாவது டேக் வேண்டும் என்றாலும் எடுக்க முடியாதபடி அவர்கள் தின்று முடித்தார்கள். தாம்பரத்துக்காரர் கோபம் தணிந்து இரண்டாவது கைப்பிடி கேட்டார். மன்னிப்புக் கேட்டு அவர்களை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டோம்.

திரும்பி வந்தபோது தயாரிப்பாளர் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே நின்றிருந்தார். அக்காவின் புடவையில் குத்தியிருந்த மைக் எல்லாவற்றையும் அவர் காதில் போட்டிருக்கிறது. "மல்லாட்டைன்னா என்னன்னு மதுரையில ஒருத்தனுக்கும் தெரியாதுண்ணே" என்றார். எனக்கு உயிர் போய் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஆனா எங்கக்காவும் இப்படித்தேன் ஓடியாரும்." அங்கேயே டப்பிங் அம்மாவுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முன்னால் எடுத்த காட்சிகளுக்கெல்லாம் அக்காவே சென்னை வந்து டப்பிங் பேசினாள். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அந்தத் திண்டிவனத்து ஓட்டத்தைக் காதில் ஒருமுறை போட்டுவிடுவோம். "அய்ய, இப்டியா கத்துனேன்?" என்று வெட்கப்படுவாள். வெட்கம் போவதற்குள் பேச வைத்துவிடுவோம். இரண்டே நாளில் முடிந்தது. ஊருக்குத் திரும்பும்போது அவளை வழியனுப்பத் தாம்பரம் வரை பஸ்ஸில் போனேன். பழக்கம் விடுமா?

படம் விழுப்புரத்தில் வெளியான அன்று மதியக் காட்சிக்குப் போனோம். இந்த முறை இருபது பேர். அக்காவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண், மடியில் முறுக்குப் பொட்டலத்தோடு. கடைசிக் காட்சி வந்தது. பஸ் நகர்ந்தது. "மல்லாட்டைடா!" என்று அக்கா திரையில் கத்தினாள். தியேட்டர் சிரித்தது, விசிலடித்தது, அப்புறம் அவள் பையை நீட்டிக் கத்திக்கொண்டே ஓட ஓடச் சத்தமே இல்லாமல் போனது. அக்கா எழுந்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன். எழவில்லை. அந்தப் பெண்ணின் பக்கம் மெல்லச் சாய்ந்தாள்.

"அது என் கொரலுங்க" என்றாள்.

அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சும்மா பேசிக்கினு இருக்காதம்மா" என்றாள். "அந்தம்மா இன்னா சொல்லுதுன்னு கேக்க வுடு."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கப்சிப்பென்று உட்கார்ந்தாள். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் விடவில்லை.